‘டா வின்சி கோட்’ படத்தை நாவலோடு சேர்த்து ரசிப்பது எப்படி?

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனவர்கள் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “புத்தகம் மாதிரி இல்லை.” டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ விஷயத்தில் இதை உலகம் முழுக்கச் சொன்னார்கள். 2003இல் வெளிவந்த அந்த நாவல் எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2006 மே மாதம் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக அதன் திரைவடிவத்தைக் காட்டியபோது விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மக்களோ சுமார் 76 கோடி டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லியே விறுவிறுப்பைக் கிளப்பும் ஒரு நாவலைப் படமாக்கினால் என்னென்ன முடிச்சு விழும், இயக்குநர் ரான் ஹோவர்டும் திரைக்கதை ஆசிரியர் அகிவா கோல்ட்ஸ்மனும் அவற்றை எப்படி அவிழ்த்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு இந்தப் படம் நிறையவே தரும்.

கதையின் முடிவு வரை இங்கே பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் முதலில் நாவலை முடித்துவிடுங்கள். படித்தவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் போடுங்கள். தியேட்டரில் வந்த வடிவம் 149 நிமிடம். பிறகு டிஸ்க்கில் வந்த நீண்ட வடிவம் 174 நிமிடம். முதல் தடவைக்குச் சிறியதே போதும். வசன வரிகளை அணைக்க வேண்டாம். பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசுவதும், சைலஸ் என்னும் துறவி லத்தீனில் முணுமுணுப்பதும் படத்தின் காற்றில் கலந்தவை.

நாவலின் வேகம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். 105 அத்தியாயங்கள்; பல, இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு வேறு இடத்துக்குத் தாவும். நடுவில் ஒரு புதிர் வந்தால் வாசகர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளில் எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இந்த நாவலின் பாதி சந்தோஷம் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. படத்தில் அப்படி நிறுத்த முடியாது. நாம் யோசித்து முடிக்கும் முன்பே காட்சி ஓடிவிடும். எனவே புதிரை விடுவிக்கும் இன்பத்தை, ஒருவர் விடுவிப்பதைப் பார்க்கும் இன்பமாக மாற்றியாக வேண்டும்.

படத்தின் முதல் பத்து நிமிடத்தைக் கவனமாகப் பாருங்கள். நாவலில் நாயகன் ராபர்ட் லாங்டன், சின்னங்களை ஆராயும் பேராசிரியர், அறிமுகமாகும்போது பாரிஸ் ஹோட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். தொலைபேசி அவரை எழுப்புகிறது. அன்று மாலை அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார் என்பதைப் போகிற போக்கில்தான் தெரிந்துகொள்கிறோம். படம் அந்தச் சொற்பொழிவை எடுத்துக் கண்முன் வைக்கிறது. லூவர் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் அதன் காப்பாட்சியரான கிழவர் சோனியேர் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். மாறி மாறி, அரங்கில் லாங்டனாக டாம் ஹாங்க்ஸ் சின்னங்களைத் திரையில் காட்டிப் பேசுகிறார். வெள்ளை முக்காடு அணிந்த உருவங்களைக் காட்டுகிறார். கூட்டம் இனவெறிக் கும்பல் என்று நினைக்கிறது. அவை ஸ்பெயினின் சமயச் சடங்கில் அணியும் உடை. அடுத்து சூலம். பிசாசின் ஆயுதம் என்கிறது கூட்டம். அது கடல் தெய்வம் பொசைடனுடையது. பிறகு தாயும் குழந்தையும். மரியாளும் இயேசுவும் என்று நினைத்தால், அவர்கள் எகிப்தின் ஐசிஸும் ஹோரஸும்.

இந்தக் காட்சி கதையை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நம் கண்ணைப் பழக்கிவிடுகிறது. பார்த்ததும் மனதில் தோன்றும் பொருளை நம்பாதே என்ற விதியை, விளக்கக் குரல் எதுவும் இல்லாமல், மூன்று படங்களில் ஊன்றிவிடுகிறார்கள். நாவலாசிரியருக்கு முப்பது நாற்பது பக்கம் தேவைப்பட்ட வேலை இது. தழுவல் என்ற கலை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

அடுத்து புதிர்கள். சோனியேர் சாகும் முன் தரையில் எழுதிவைத்த எண்களும் எழுத்துகளும் திரையில் எப்படி உயிர்பெறுகின்றன? லாங்டன் பார்க்கப் பார்க்கச் சில எழுத்துகள் மட்டும் ஒளிர்ந்து, இடம் மாறி, வேறு சொல்லாகக் கூடுகின்றன. ஹோவர்டும் கோல்ட்ஸ்மனும் இதற்கு முன்பு சேர்ந்து செய்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ பார்த்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானது. கணித மேதை ஜான் நாஷின் கண்ணுக்கு எண்கள் ஒளிர்ந்து தெரியும் அதே முறை. அங்கே அந்த ஒளி மனநோயோடு பின்னிக் கிடந்தது. பார்க்கிறவருக்கு அச்சம் தந்தது. இங்கே அது வெறும் சாமர்த்தியமாக நின்றுவிடுகிறது. எழுத்துகள் கூடுவதை ரசிக்கலாம், ஆனால் நாமே கூட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. எண் புதிர் இதைவிடத் தேவலை: 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபனாச்சி வரிசை கலைந்து கிடந்து, பிறகு வங்கிப் பெட்டகத்தின் கணக்கு எண்ணாகத் திரும்பி வரும்போது, அதை அடையாளம் கண்டுகொள்ளப் பார்வையாளருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

கிரிப்டெக்ஸ் என்னும் உருளைப் பூட்டு படத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. ஐந்து வளையம், ஒவ்வொன்றிலும் 26 எழுத்து. ஒரு கோடியே 18 லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள் சாத்தியம். வலிந்து உடைத்தால் உள்ளே இருக்கும் வினிகர் கொட்டி, செய்தி எழுதிய பாப்பிரஸ் கூழாகிவிடும். நாவலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கிரிப்டெக்ஸ், படத்தில் ஒன்றுதான். இந்த வெட்டு சரி என்பேன். இரண்டாவது முறை அதே பூட்டைத் திறப்பது படிக்கும்போது சுகம், பார்க்கும்போது அலுப்பு.

இனி படத்தின் நடு முதுகெலும்புக்கு வருவோம். பாரிஸுக்கு வெளியே ஷாத்தோ வில்லெட் மாளிகையில், நள்ளிரவு தாண்டி, லீ டீபிங் என்னும் ஆய்வாளர், லாங்டனோடு வந்திருக்கும் சோனியேரின் பேத்தி சோஃபிக்குப் பாடம் நடத்தும் நீண்ட காட்சி. நாவலில் இது பல அத்தியாயங்களுக்கு நீளும் உரையாடல். 325ஆம் ஆண்டு நைசியா சங்கம், கான்ஸ்டன்டைன் பேரரசர், விலக்கப்பட்ட நற்செய்திகள், மகதலேனா மரியாள், லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ என்று அடுக்கிக்கொண்டே போகும். மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதைப் படமாக்குவது எந்த இயக்குநருக்கும் கண்டம்.

ஹோவர்ட் இங்கே மூன்று காரியம் செய்கிறார். முதலாவது, ஓவியத்தைக் கணினித் திரையில் ஏற்றி டீபிங்கின் கையில் கொடுக்கிறார். இயேசுவின் வலப்பக்கம் இருக்கும் உருவத்தை, யோவான் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்லும் அந்த இளம் முகத்தை, டீபிங் அப்படியே தூக்கி மறுபக்கம் வைக்கிறார். அது இயேசுவின் தோளில் சாய்ந்ததுபோல் பொருந்திவிடுகிறது. அது மகதலேனா மரியாள், இயேசுவின் மனைவி என்று நாவல் சொல்லால் கட்டிய வாதத்தைப் படம் ஒரு கையசைப்பில் முடித்துவிடுகிறது. ஓவியத்தை வெட்டி ஒட்டினால் எதை வேண்டுமானாலும் பொருத்தலாம் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைக்கும். சதிக் கோட்பாடுகள் மனதை எப்படி வளைக்கின்றன என்பதற்கு இந்த ஒரு நொடி நல்ல பாடம்.

இரண்டாவது, டீபிங்காக வரும் இயன் மெக்கெல்லன். அவர் தடி ஊன்றிக்கொண்டு அறைக்குள் நடப்பதையும், ஒவ்வொரு ரகசியத்தையும் பலகாரத்தை நீட்டுவதுபோல் ஆசையாய் நீட்டுவதையும் பாருங்கள். டீபிங்தான் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை இந்தக் காட்சியைப் பார்த்தால் மெக்கெல்லனின் நடிப்பில் ஒரு பொய்யான இழைகூடக் கிடைக்காது. அந்த மனிதர் தான் சொல்வதை முழுக்க நம்புகிறார். அதனால்தான் கொல்லவும் துணிகிறார். படம் முழுக்க இதைவிடச் செறிவான நடிப்பு இல்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியம். நாவலில் லாங்டன் டீபிங்கின் பக்கம் நின்று ஒத்து ஊதுகிறார். படத்தில் அவர் குறுக்கே பேசுகிறார், மறுக்கிறார், அது வெறும் கோட்பாடு என்கிறார். இரண்டு பேர் ஒரே கட்சி பேசினால் அது வகுப்பு. எதிரெதிர்க் கட்சி பேசினால்தான் காட்சி. இந்த மாற்றத்தைத் தேவாலயத்தைச் சமாதானப்படுத்தச் செய்த சமரசம் என்று சிலர் கருதினார்கள். எனக்கு அது நாடகத் தேவையாகவே படுகிறது. சந்தேகப்படும் மனிதராக லாங்டன் மாறியதால் அவருக்குப் பயணம் ஒன்று கிடைக்கிறது. நாவலில் அவர் தொடங்கிய இடத்திலேயே முடிகிறார்.

அந்தப் பயணத்துக்காகப் படம் சேர்த்த ஒரு சின்ன விஷயத்தைத் தவறவிடாதீர்கள். சிறுவயதில் கிணற்றில் விழுந்ததால் லாங்டனுக்கு அடைபட்ட இடம் என்றாலே பயம். இது நாவலிலும் உண்டு. படத்தில், கவச வண்டியின் இருட்டில் அவர் வியர்த்துத் தவிக்கும்போது சோஃபி தன் கைகளை அவர் தலையில் வைக்கிறாள். பயம் அடங்குகிறது. அப்போது அது சாதாரண ஆறுதலாகத்தான் தெரியும். கடைசியில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் தேவாலயத்தில் சோஃபி இயேசுவின் வம்சம் என்று கதை சொன்ன பிறகு, அந்தக் கைவைப்பு வேறொன்றாக மாறிவிடுகிறது. கிணற்றுக்குள் கிடந்தபோது தான் ஜெபித்ததை லாங்டன் அப்போது நினைவுகூர்கிறார். அதன்பின் சோஃபி குளத்து நீரின்மேல் காலை வைத்துப் பார்க்கிறாள்; கால் நனைகிறது; திராட்சை இரசம் வேண்டுமானால் கைகூடலாம் என்று சிரிக்கிறாள். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய முடிவு இது. சோஃபியாக நடித்த ஓட்ரே தத்தூவின் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று குறைசொன்னவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் தடுமாற்றம் இல்லை.

எல்லா மாற்றமும் இப்படிக் கைகூடிவரவில்லை. சைலஸை ஆளாக்கிய ஆயர் அரிங்கரோசா, நாவலில் ஏமாற்றப்பட்டவர். இறுதியில் வாசகரின் இரக்கத்தைப் பெறுகிறவர். படம் அவரை இருட்டறைக் குழு ஒன்றில் சேர்த்து, பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சாக்காக வைத்துப் போலீஸ் அதிகாரி ஃபாஷிடம் பொய் சொல்ல வைக்கிறது. ஃபாஷுக்கு ஒரு காரணம் கிடைத்தது, சரி. ஆனால் ஆயருக்குள் இருந்த மனிதர் காணாமல்போனார். சைலஸின் கதையும் அப்படித்தான். நாவலில் அவன் லண்டன் பூங்காவின் பனிமூட்டத்தில் தனியாக மண்டியிட்டு இறக்கிறான். படம் அவனைப் போலீஸின் துப்பாக்கிக்கு முன் அவசரமாக முடித்துவிடுகிறது. சைலஸாக நடித்த பால் பெட்டனி அதற்கு முன்பே அவனை நம் மனதில் நிறுத்திவிட்டார் என்பது வேறு விஷயம். தொடையில் முள்பட்டையை இறுக்கும் அந்த அறைக் காட்சியில், நாவலில் வரியாகக் கடந்துபோன வலி உடம்பாக வந்து நிற்கிறது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கதையில் சைலஸ் சார்ந்திருப்பது ஓபுஸ் தேய்; 1928இல் ஸ்பெயினில் தொடங்கிய அந்தக் கத்தோலிக்க அமைப்பில் துறவிகளே கிடையாது. சைலஸ் அணியும் அங்கி முழுக்க டான் பிரவுனின் கற்பனை.

இடங்கள் பற்றிக் கொஞ்சம். லூவர் இரவில் படமெடுக்க அனுமதித்தது. ஆனால் அசல் மோனாலிசாமீது விளக்கொளி பாய்ச்ச விடவில்லை. படத்தில் இருப்பது பிரதி. பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயம் உள்ளே அனுமதி மறுத்ததால் அதன் உட்புறத்தைக் கணினி உதவியோடு உருவாக்கினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் மறுத்தது. நியூட்டனின் கல்லறைக் காட்சியை லிங்கன் கதீட்ரலில் எடுத்தார்கள். அதற்காக அந்தக் கதீட்ரலுக்கு ஒரு லட்சம் பவுண்ட் நன்கொடை போனது. கன்னியாஸ்திரீ ஒருவர் வெளியே மண்டியிட்டு ஜெபித்து எதிர்ப்புத் தெரிவித்தார். ராஸ்லினும் டெம்பிள் தேவாலயமும் அசல். எது கல், எது கணினி என்று தேடிப் பார்ப்பதும் ஒரு ரசனைதான். கல்லில் பட்டுத் திரும்பும் குரலின் எதிரொலியைக் கேட்டுப் பாருங்கள், ஓரளவு பிடிபடும்.

படத்தின் உச்சம் கடைசி ஐந்தாறு நிமிடம். நாவலில் லாங்டன் தூக்கத்திலிருந்து விழித்து, மகதலேனாவின் கல்லறை எங்கே என்ற கேள்விக்கு விடையை உணர்கிறார். சினிமாவில் ஒருவர் படுக்கையில் உணர்வதை எப்படிக் காட்டுவது? ஹோவர்ட் அவரைச் சவரம் செய்யவைக்கிறார். பிளேடு பட்டுவிடுகிறது. ஒரு துளி ரத்தம் வெள்ளைப் பீங்கானில் விழுந்து, தண்ணீரோடு கோடாக நீள்கிறது. வம்சத்தின் ரத்தக்கோடும், பாரிஸை வடக்கு தெற்காக வெட்டும் தீர்க்கரேகையும் அந்தச் சிவப்பு இழையில் ஒன்றாகின்றன. ஒரு சொல் விளக்கம் இல்லை. இரண்டரை மணி நேரம் பேசித் தீர்த்த படம் இங்கே வாயை மூடிக்கொண்டு கண்ணை நம்புகிறது.

பிறகு அவர் தெருவில் இறங்கி நடக்கிறார். தரையில் பதிந்த வெண்கல வட்டங்களைத் தொடர்கிறார். அவை அரகோ என்ற விஞ்ஞானியின் நினைவாக டச்சுக் கலைஞர் யான் டிபெட்ஸ் 1994இல் பாரிஸ் முழுக்கப் பதித்த 135 வட்டங்கள். எந்தப் பழைய சமய ரகசியத்துக்கும் அவற்றோடு சம்பந்தமில்லை. அந்த நடைக்கு ஹான்ஸ் ஜிம்மர் அமைத்த இசை ஒரே சிறு சுரத்தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியத்தைக் கூட்டி ஏறிக்கொண்டே போகிறது. லாங்டன் லூவரின் கண்ணாடிப் பிரமிடின் அருகே மண்டியிடும்போது கேமரா தரைக்குள் இறங்குகிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கதையின் சதி அத்தனையும் பொய் என்று தெரிந்தவரையும் இந்த இசை மண்டியிட வைக்கும்.

பொய் என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த நாவலை ரசிக்க அது தெரிந்திருப்பது அவசியம். 1099இல் தொடங்கிய ரகசியச் சங்கம் என்று நாவல் சொல்லும் ‘சியோன் மடம்’ உண்மையில் 1956இல் பியேர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவுசெய்த அமைப்பு. அதன் ‘பழைய’ ஆவணங்கள் போலியாகத் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டவை. பிரமிடில் 666 கண்ணாடி என்கிறது நாவல், இருப்பவை 673. நாவலின் முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்பிட்டு ஒரு குறிப்பு உண்டு. படத்தில் அது இல்லை. அந்தப் பக்கத்தை விட்டது தழுவலில் எடுத்த மிக நல்ல முடிவு என்று கருதுகிறேன். எழுத்தில் ஒரு கூற்றை வாசகர் நிதானமாக எடைபோடலாம்; படத்தில் கான்ஸ்டன்டைனும் நைசியா சங்கமும் மனிதர்களாக நடமாடும்போது அது கண்ணால் கண்டதாகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு நேரடியாகவே அனுபவித்தது. நாவல் கடைகளில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தபோது, ‘இது கற்பனை’ என்ற அறிவிப்போடு தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்த படத்துக்கு 2006இல் மாநில அரசு தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையை ரத்துசெய்தார். நம்பிக்கை உள்ளவர்களின் மனவருத்தம் உண்மையானது. அதைச் சிறுமைப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்காமல் தடுப்பதைவிட, லாங்டன் டீபிங்கை எங்கெல்லாம் மறுக்கிறார் என்று பார்க்கவைப்பது அந்த வருத்தத்துக்கும் நல்ல மருந்தாக இருந்திருக்கும்.

இந்த ரசனை பிடித்துப்போனால் இன்னும் இரண்டு படங்களுக்குச் செல்லலாம். ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டெமன்ஸ்’ (2009) அதே குழுவின் அடுத்த லாங்டன் படம். ரோம் தேவாலயங்களில் அனுமதி கிடைக்காததால் புனித பேதுரு சதுக்கத்தையே லாஸ் ஏஞ்சலிஸில் கட்டி எழுப்பினார்கள். நாவலில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்துப் பிழைக்கும் லாங்டனைப் படம் தரையிலேயே நிறுத்தியது. நாவலில் இறந்த ஒரு கர்தினாலைக் காப்பாற்றியது. விறுவிறுப்பு கூடியிருக்கிறது, ஆழம் குறைந்திருக்கிறது.

மற்றது உம்பர்த்தோ எக்கோவின் நாவலிலிருந்து ழான் ழாக் அனோ எடுத்த ‘த நேம் ஆஃப் த ரோஸ்’ (1986). மடாலயம், தடைசெய்யப்பட்ட நூல், தொடர் கொலைகள், துப்பறியும் துறவியாக ஷான் கானரி. எக்கோவின் நாவலில் நூலகப் புதிர்வழி ஒரே தளத்தில் பரந்துகிடக்கும் அறைகள். படத்தில் கலை இயக்குநர் தாந்தே ஃபெரெட்டி அதை மேலும் கீழுமாகப் பின்னிய படிக்கட்டுகளாக்கினார். ஏட்டில் வரைபடமாக இருந்த குழப்பம் திரையில் தலைசுற்றலாக மாறியது. நாவலின் எழுத்தை விட்டு அதன் உணர்வைப் பிடிப்பது என்றால் அதுதான். டைட்டிலிலேயே, இது எக்கோவின் நாவல்மீது எழுதப்பட்ட இன்னொரு பிரதி என்ற பொருளில் அறிவித்துக்கொண்ட துணிச்சலும் அனோவுக்கு இருந்தது.

அந்தத் துணிச்சல் ஹோவர்டுக்கு முழுதாக வரவில்லை. கோடிக்கணக்கான வாசகர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயத்தில் நாவலின் பக்கங்களை ஒன்றுவிடாமல் சுமக்கப் பார்த்தார். படம் கனப்பது அங்கேதான். நாவலைக் கீழே வைத்த இடங்களில், தொடக்கச் சொற்பொழிவிலும் கவச வண்டியிலும் ரத்தக்கோட்டிலும், நல்ல சினிமா கிடைத்தது. முதலில் அந்த மூன்று காட்சிகளையும் நாவலின் அந்தந்த அத்தியாயங்களோடு வைத்துப் பாருங்கள். பிறகு முழுப் படத்தையும் போடுங்கள்.